அருகதையா, உரிமையா?

2022 ஜூலை 16 அன்று உத்தரப்பிரதேசத்தின் ஜாலவுன் மாவட்டத்தில் புந்தேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்து வைத்த பிரதமர், மக்களுக்கு இலவசங்களை அறிவிக்கும் அரசியலை ‘ரேவடி கலாச்சாரம்’ என்று சாடினார். ரேவடி என்பது வட இந்தியாவில் பண்டிகை நாட்களில் பகிர்ந்து கொள்ளும் எள்ளு மிட்டாய். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு முழுத் தத்துவம் ஒளிந்திருந்தது. ஏழைகளுக்குச் செல்லும் அரிசியும் மின்சாரமும் பேருந்துப் பயணமும் உழைக்காமல் கிடைக்கும் தின்பண்டம்; அவற்றைப் பெறுவோர் அவற்றுக்கு அருகதையற்றவர்கள். இதுவே அதன் உட்பொருள்.

2025 பிப்ரவரியில் நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடங்கள் குறித்த வழக்கை விசாரித்த உச்சநீதிமன்ற அமர்வும் இதே தொனியில் பேசியது. இலவச அறிவிப்புகளால் ஒட்டுண்ணிகளின் வர்க்கம் ஒன்று உருவாக்கப்படுகிறதா என்று நீதிபதிகள் வாய்மொழியாகக் கேட்டனர். தலைக்கு மேல் கூரையில்லாதவர்களுக்கான வழக்கில் இக்கேள்வி எழுந்தது.

இத்தகைய பேச்சுகளுக்கு இடதுசாரி மேடைகளில் வழக்கமாக ஒரு பதில் சொல்லப்படுகிறது: “இம்மக்கள் உழைப்பவர்கள். நாட்டின் செல்வத்தைப் படைப்பவர்கள். ஆகவே இவற்றைப் பெறும் தகுதி அவர்களுக்கு உண்டு.” இப்பதில் உண்மையானது. ஆனால் போதுமானதன்று. எதிரியின் தராசையே கையில் வாங்கிக்கொண்டு, அதிலேயே மக்களை நிறுத்துக் காட்டும் பதில் இது. உழைக்க இயலாத முதியவரும், மாற்றுத்திறனாளியும், வேலை தேடி அலையும் இளைஞரும் அந்தத் தராசில் ஏறினால் எடை காட்டாது. அவர்களை என்ன செய்வது? யாருக்கு எது தகும், ஏன் தகும் என்ற பழைய தத்துவக் கேள்வியை இயக்கத் தோழர்கள் மீண்டும் ஆராய வேண்டியதன் காரணம் இதுதான்.

ஒரு தரப்பிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி

2019 செப்டம்பர் 20 அன்று ஒன்றிய நிதியமைச்சர் பெருநிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார். புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு அது 15 சதவீதமாக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அரசே மதிப்பிட்டது. இச்சலுகையைப் பெற்ற நிறுவனங்கள் அதற்கு அருகதையுள்ளவையா, சலுகை பழகிச் சோம்பேறிகளாகிவிடுமா என்று எந்த அதிகார மேடையிலும் கேட்கப்படவில்லை.

2014-15 முதல் 2023-24 வரையிலான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2025 மார்ச்சில் மக்களவையில் தெரிவிக்கப்பட்டது. கணக்கு நீக்கம் என்பது தள்ளுபடி அல்ல, வசூல் நடவடிக்கை தொடரும் என்கிறது அரசு. இருக்கட்டும். சில ஆயிரம் ரூபாய் தவணை தவறிய சுய உதவிக்குழுப் பெண்ணின் வாசலில் நிற்கும் வசூல்காரருக்கு இந்த நுட்பமான வேறுபாடு தெரிவதில்லை.

பிறப்பினால் வரும் செல்வத்தின் கதை இன்னும் தெளிவானது. இறந்தவரின் சொத்து வாரிசுக்குச் செல்லும்போது விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 1953இல் வந்து 1985இல் ஒழிந்தது. 1957இல் தொடங்கிய செல்வ வரி 2015 பட்ஜெட்டில் கைவிடப்பட்டது. இன்று ஓர் ஆலை அதிபரின் வாரிசு, ஒரு நாள்கூட உழைக்காமல், பிறந்ததொன்றையே தகுதியாகக் கொண்டு ஆயிரம் கோடிகளுக்கு அதிபதியாகலாம். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் இந்தியாவின் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் நாட்டின் செல்வத்தில் 40.1 சதவீதம் குவிந்திருந்தது. ஐந்து கிலோ அரிசி வாங்குபவர் தம் வறுமையை நிரூபிக்க வேண்டும். ஐயாயிரம் கோடியை வாரிசாகப் பெறுபவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பஞ்ச காலத்துப் பவுண்டு

ஏழைகளை மட்டும் நிறுத்துப் பார்க்கும் இந்தத் தராசு புதியதன்று. இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம், உதவி பெறுபவரின் வாழ்க்கை மிகக் கீழ்நிலைக் கூலித் தொழிலாளியின் வாழ்க்கையை விடவும் மோசமாக இருக்க வேண்டும் என்ற விதியில் எழுந்தது. அருகதையுள்ள ஏழை, அருகதையற்ற ஏழை என்ற பாகுபாடு அங்கே நிர்வாகக் கோட்பாடாயிற்று.

அக்கோட்பாடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது, வைஸ்ராய் லிட்டன் தம் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரணச் செலவைக் குறைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. கல்லுடைத்து மண் சுமந்தவர்களுக்கான கூலியை, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கைச்செலவுக்குச் சிறிது காசு என்ற அளவில் அவர் நிர்ணயித்தார். அரைக் கிலோவுக்கும் குறைவான அந்தத் தானியத்தில் கடின உழைப்பாளி உயிர் வாழ முடியாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். உண்மையாகவே பசித்தவர்தான் இந்தக் கூலிக்கு வருவார் என்பது ஆட்சியாளரின் தர்க்கம். உடல் எலும்பாவதே அருகதைக்குச் சான்றிதழ் ஆனது. மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தனர். தானிய ஏற்றுமதி நிற்கவில்லை.

சுதந்திர இந்தியாவில் அந்தத் தராசு உருமாறியது. 1997இல் பொது விநியோக முறை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிளக்கப்பட்டது. அனைவருக்குமான விநியோகத்தைத் தமிழகம் கைவிடாமல் காத்தது. பிற மாநிலங்களில் பட்டியலில் பெயர் இருப்பதே வாழ்வா சாவா என்பதைத் தீர்மானித்தது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாததால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. மகள் சோறு கேட்டபடியே உயிர்விட்டதாகத் தாய் கூறினார். மலேரியாவே காரணம் என்றது நிர்வாகம். எது எழுதப்பட்டாலும், வீட்டில் அரிசி இல்லாமல் போனதற்கு நோய் காரணமாகாது. அருகதையற்றவர் ஒருவரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று கட்டப்படும் வேலி, அருகதையுள்ளவரையே முதலில் வெளியே நிறுத்துகிறது.

அம்பேத்கர் பிரித்துக் காட்டிய மூன்று

‘தகுதி’ என்ற சொல்லை இந்தியாவில் யாரும் அம்பேத்கரைப் போல உடைத்துப் பார்த்ததில்லை. லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதப்பட்டு, அங்கே பேச இயலாமற்போன ‘சாதி ஒழிப்பு’ உரை 1936இல் நூலாக வந்தது. ஒரு மனிதரின் ஆற்றல் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது என்று அதில் அவர் விளக்குகிறார். ஒன்று, உடல்வழிப் பரம்பரை. இரண்டு, சமூகத்திடமிருந்து பெறும் சொத்து. அதாவது பெற்றோரின் பராமரிப்பு, கல்வி, தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு. மூன்று, சொந்த முயற்சி.

முயற்சியில் வேறுபடுவோரை வேறுபட்டு நடத்துவதில் நியாயம் இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் முதல் இரண்டும் ஒருவர் ஈட்டியவை அல்ல. பிறப்பும் கல்வியும் குடும்பப் பெயரும் வணிகத் தொடர்பும் பரம்பரைச் சொத்தும் உடையவர்களைப் பந்தயத்தில் முன்னே நிறுத்திவிட்டு, வென்றவரே ஆற்றலுள்ளவர் என்று அறிவித்தால், அங்கே தேர்வு செய்யப்படுவது ஆற்றல் அல்ல, சலுகையே என்பது அவரது முடிவு.

இதே சிந்தனையை 86 ஆண்டுகள் கழித்து உச்சநீதிமன்றம் வந்தடைந்தது. மருத்துவ மேற்படிப்பின் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டை உறுதி செய்த 2022 ஜனவரித் தீர்ப்பில், போட்டித் தேர்வின் மதிப்பெண்ணோடு தகுதியைச் சுருக்கிவிட முடியாது என்று கூறியது. சில வகுப்பினருக்குக் கிடைத்த சமூக, பொருளாதார, பண்பாட்டு அனுகூலங்களைத் தேர்வுகள் கணக்கில் கொள்வதில்லை என்பதையும் அது பதிவு செய்தது. பயிற்சி மையத்தின் கட்டணத்தைக் கட்ட முடிந்த குடும்பத்தின் வருமானமும் மதிப்பெண் பட்டியலில் அச்சாகிறது. தனி வரியாக அல்ல, மாணவரின் பெயருக்கு நேரேயே.

சாதி அமைப்பு தன்னளவில் ஓர் அருகதைக் கோட்பாடு என்பதையும் மறக்கலாகாது. முற்பிறவி வினைக்கு ஏற்ற பிறப்பு என்ற போதனை, மலம் அள்ளுபவரின் கையில் கூடையையும் அள்ள வைப்பவரின் கையில் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, இருவரும் தமக்குரியதையே பெற்றார்கள் என்று தீர்ப்பெழுதியது. இன்று ‘தகுதிக்கேற்ற வெற்றி’ என்று பேசப்படுவது அந்தப் பழைய போதனையின் புதிய உடுப்பு. தலையெழுத்து என்ற சொல்லின் இடத்தில் தரவரிசை எண் வந்திருக்கிறது.

சந்தையின் வழக்கறிஞர்களே ஒப்புக்கொண்டது

சந்தை ஒவ்வொருவருக்கும் உரியதை அளக்கிறது என்பது மாலை நேரத் தொலைக்காட்சி விவாதங்களின் நம்பிக்கை. சந்தைப் பொருளாதாரத்தின் முன்னணிச் சிந்தனையாளரான ஹயக் அதை நம்பவில்லை. 1960இல் வெளியான ‘சுதந்திரத்தின் அரசமைப்பு’ நூலில், சந்தை தரும் பலனுக்கும் ஒருவரின் ஒழுக்கத் தகுதிக்கும் தொடர்பில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதினார். பிறருக்கு ஒரு பொருள் என்ன மதிப்புடையது என்பதற்கே சந்தை விலை கொடுக்கிறது. அதற்காக எவ்வளவு வியர்வை சிந்தப்பட்டது என்பதற்கு அல்ல. தம் நலன் தம் முயற்சியையே சார்ந்தது என்று மக்கள் நம்புவது சந்தைக்கு முக்கியமானது என்றும் பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார். அந்த நம்பிக்கை உண்மையாக இருப்பதை விட, நிலவுவதே தேவைப்படுகிறது.

அமெரிக்கத் தத்துவாசிரியர் ஜான் ரால்ஸ் 1971இல் வேறு பக்கத்திலிருந்து அதே இடத்தை அடைந்தார். பிறவித் திறமையோ பிறந்த குடும்பமோ எவருடைய அருகதையாலும் வந்ததில்லை. முயற்சி செய்யும் மனப்பாங்கே கூட வளர்ந்த சூழலால் பெரிதும் உருவாகிறது என்றார் அவர். ரால்ஸை மறுத்து 1974இல் எழுதிய ராபர்ட் நோசிக், அருகதை தேவையில்லை, நியாயமான வழியில் வந்த சொத்தாக இருந்தால் போதும் என்று வாதிட்டார். வந்த வழி அநியாயமானால் அது சரிசெய்யப்பட வேண்டும் என்பதையும் தம் கோட்பாட்டில் அவர் சேர்க்க வேண்டியிருந்தது. ஜமீன்தாரி முறை, பழங்குடி நிலப்பறிப்பு, சாதியின் பெயரால் வாங்கிய கூலியில்லா ஊழியம் ஆகியவற்றின் மேல் எழுந்த இந்தியச் சொத்துரிமையை அந்த அளவுகோலில் வைத்தால் எத்தனை பட்டாக்கள் மிஞ்சும்? வலதுசாரித் தத்துவத்தின் மிக வலுவான வடிவம் கூட இந்தக் கேள்விக்கு முன் தடுமாறுகிறது.

கோத்தா வேலைத்திட்டமும் மார்க்ஸும்

இனி இடதுசாரிகளின் சொந்த முழக்கத்துக்கு வரலாம். உழைப்பவருக்கே பலன் என்பது போராட்டக் களத்தில் கூர்மையான ஆயுதம். நிலத்தை உழுபவருக்கே நிலம் என்று தெலங்கானாவிலும் வங்கத்திலும் கேரளத்திலும் அது முழங்கியது. ஆயினும் அதன் எல்லையை முதலில் சுட்டிக்காட்டியவர் மார்க்ஸ்தான்.

1875இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சிகளின் இணைப்பு மாநாட்டுக்காக வரையப்பட்ட வேலைத்திட்டம், உழைப்பே எல்லாச் செல்வத்துக்கும் ஊற்று என்றும், உழைப்பின் பலன் குறையாமல் சமூகத்தினர் அனைவருக்கும் உரியது என்றும் தொடங்கியது. மார்க்ஸ் இதைக் கடுமையாக விமர்சித்தார். செல்வத்துக்கு இயற்கையும் ஊற்று என்பது அவரது முதல் திருத்தம். மொத்த விளைபொருளைத் தனியாட்களுக்குப் பங்கிடும் முன்பே கழிக்க வேண்டியவற்றை அவர் வரிசைப்படுத்தியது இரண்டாவது. தேய்ந்த உற்பத்திச் சாதனங்களை ஈடுசெய்யவும், உற்பத்தியைப் பெருக்கவும், விபத்துக்கும் இயற்கைச் சீற்றத்துக்கும் காப்பாகவும் ஒரு பகுதி. பள்ளிகள், மருத்துவம் போன்ற பொதுத் தேவைகளுக்கு ஒரு பகுதி. உழைக்க இயலாதவர்களுக்கு ஒரு பகுதி. இவையெல்லாம் போன பிறகுதான் உழைப்புக்கேற்ற பங்கு என்ற கணக்கு தொடங்குகிறது.

இந்த வரிசையில் ஓர் ஆழ்ந்த அரசியல் உண்டு. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் முதியவரின் சோறும் உழைப்பாளி தம் பங்கிலிருந்து போடும் பிச்சை அல்ல. பங்கு என்ற பேச்சே எழுவதற்கு முன் எடுத்து வைக்கப்படும் பொதுச் சொத்து. அருகதையின் கணக்கேடு அந்த அறைக்குள் நுழைவதில்லை.

எஞ்சியதை உழைப்பின் அளவுக்கேற்பப் பங்கிடும்போதும் சமத்துவம் முழுமையாவதில்லை என்று மார்க்ஸ் தொடர்ந்தார். ஒருவர் வலியவர், மற்றவர் மெலிந்தவர். ஒருவருக்குக் குழந்தைகள் அதிகம், மற்றவர் தனி ஆள். வேறுபட்ட மனிதர்களை ஒரே அளவுகோலால் அளப்பது, பிறவி ஆற்றலை மறைமுகச் சலுகையாக ஏற்றுக்கொள்வதாகும். முதலாளித்துவச் சமூகத்தின் வயிற்றிலிருந்து பிறக்கும் புதிய சமூகத்தில் இக்குறை தொடக்கத்தில் தவிர்க்க முடியாதது. அதைக் கடந்துதான் அவரவர் ஆற்றலுக்கேற்ப உழைப்பு, அவரவர் தேவைக்கேற்பப் பங்கு என்ற நிலை வரும்.

1917இல் ‘அரசும் புரட்சியும்’ நூலில் லெனின் இப்பகுதியை விரிவாக எடுத்தாண்டார். உழைக்காதவருக்கு உணவில்லை என்ற கோட்பாட்டை முதற்கட்டத்துக்குரியதாகவே அவர் வைத்தார். அதன் முனை, பிறர் உழைப்பில் வாழ்ந்த சொத்துடையோரை நோக்கி இருந்தது. அதே முழக்கத்தை இன்று வேலையற்ற இளைஞரை நோக்கித் திருப்புவது கோட்பாட்டையே தலைகீழாக நிறுத்துவதாகும்.

பாராட்டும் ஊதியமும்

அப்படியானால் அருகதை என்ற சொல்லுக்கே இடமில்லையா? உண்டு. அதன் இடத்தை அறிந்து வைக்க வேண்டும் என்பதே வாதம். உழைத்தவருக்கு உழைப்புக்குரிய ஊதியம் கிடைக்காதபோது அங்கே அருகதையைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆளும் வர்க்கம் துல்லியமாக அந்த இடத்தில்தான் அச்சொல்லை மறந்துவிடுகிறது.

ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷா பணியாளர்கள் இதற்குச் சாட்சி. பெருந்தொற்றுக் காலத்தில் வீடு வீடாகச் சென்றவர்கள் இவர்கள். 2020 மார்ச் 22 அன்று நாடே கைதட்டியது. 2022 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பு இவர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. ஆனால் அரசின் ஏட்டில் இவர்கள் இன்றும் ‘தன்னார்வலர்கள்’. பெறுவது ஊதியமன்று, ஊக்கத்தொகை. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் வழங்க வேண்டும் என்று 2013இல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உரியது என்று உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஊதியம் குறித்த பரிந்துரை இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது.

ஆக, இரு வேறு கணக்குகள் உண்டு. உழைப்பின் களத்தில், செய்த வேலைக்குரிய கூலி என்ற கணக்கு. வாழ்வின் அடிப்படையில், உணவு, உறைவிடம், மருத்துவம், கல்வி, முதுமைப் பாதுகாப்பு என்ற கணக்கு. முதலாவதில் அருகதை பேசலாம். இரண்டாவதில் மனிதராக இருப்பதே போதும். ஆட்சியாளர்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்: வேலை செய்பவரிடம் சேவை மனப்பான்மை பேசுகிறார்கள், பசித்தவரிடம் தகுதிச் சான்று கேட்கிறார்கள்.

சக தொழிலாளியின் மனக்குறை

இந்த வாதத்துக்கு எதிர்ப்பு மேல்தட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. “காலை முதல் இரவு வரை ஷிப்டு பார்க்கிறேன். பிடித்தம் போகச் சம்பளம் வாங்குகிறேன். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கும் அரசு கொடுக்கிறதே” என்ற குரல் ஆலை வாயிலிலும் சங்க அலுவலகத்திலும் கேட்கிறது. இதைப் பிற்போக்கு என்று ஒதுக்கித் தள்ளுவது தவறு. உழைப்பை மதிக்கும் மனமே இப்படிக் கோபப்படுகிறது. கோபம் நியாயமானது, அது சென்று சேரும் முகவரி தவறானது.

அத்தொழிலாளியின் சம்பளம் குறைவாக இருப்பதற்குக் காரணம் பக்கத்துத் தெருவின் முதியோர் உதவித்தொகை அல்ல. 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அத்தொகை உயரவில்லை. 80 வயதைக் கடந்தவருக்கு 500 ரூபாய். ஒரு மாதத்தின் காய்கறிக்கும் காணாத இந்தப் பணம் யாரையும் சோம்பேறியாக்கியதில்லை. வேலையில்லாதவர் பசிக்கு அஞ்சி எந்தக் கூலிக்கும் வரத் தயாராக இருப்பதுதான் வேலையில் இருப்பவரின் கூலியை இழுத்துப் பிடிக்கிறது. பசியின் பிடி தளர்ந்தால் பேரம் பேசும் வலிமை எல்லாத் தொழிலாளிக்கும் கூடும். இலவச அரிசியைப் பெருமுதலாளிகள் வெறுப்பதன் இரகசியம் இங்கே இருக்கிறது.

வேலையே செய்யாமல் போய்விடுவார்கள் என்ற அச்சத்துக்கும் அனுபவம் பதில் சொல்லியிருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ், கொளுத்தும் வெயிலில் மண் வெட்டும் வேலையைக் கேட்டு வாங்கியவர்கள் கோடிக்கணக்கான கிராமப்புற ஏழைகள். அதில் பதிவான மனித நாட்களில் பாதிக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை. வேலை கேட்டு வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை; தாமதமானது அரசு தர வேண்டிய கூலிதான்.

கோரிக்கையின் மொழி

கருத்துப் போரில் சொற்கள் சிறு விஷயமல்ல. ‘தகுதியுள்ள பயனாளிகள் அனைவருக்கும்’ என்று ஒரு கோரிக்கை மனு எழுதப்படும்போதே, தகுதியற்றவர் என ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் வட்டாட்சியரின் கையில் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. ‘அனைவருக்கும்’ என்ற ஒற்றைச் சொல் அந்த அதிகாரத்தைப் பறிக்கிறது. அனைவருக்குமான பொது விநியோகம், அனைவருக்குமான முதியோர் ஓய்வூதியம், அனைவருக்குமான மருத்துவம் என்ற முழக்கங்கள் தாராள மனத்தின் வெளிப்பாடு அல்ல. மார்க்ஸ் வரைந்த வரிசையில், பங்கீட்டுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டிய பகுதியை எடுத்து வைக்கக் கோரும் முழக்கங்கள்.

அதற்கான நிதி எங்கே என்ற கேள்வி அடுத்து வரும். அப்போதுதான் அருகதைக் கேள்வியை அதற்குரிய வாசலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வாரிசு வரியும் செல்வ வரியும் ஏன் ஒழிக்கப்பட்டன, பெருநிறுவன வரிச் சலுகை யாருடைய எந்த உழைப்புக்கான பரிசு என்று பொதுக்கூட்டத்திலும் சங்கப் பேரவையிலும் கேட்க வேண்டும். அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் நெடுங்காலமாகக் கேள்வி கேட்பவர்களின் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்.

சிம்டேகாவின் சிறுமி எதையும் ஈட்டியவள் அல்ல. எந்தத் தேர்விலும் முதலிடம் பெற்றவள் அல்ல, எந்த ஆலையிலும் உழைத்தவள் அல்ல. அவள் கேட்டது சோறு. அவளுக்கு அது உரியதா என்று நிறுத்துப் பார்க்கத் தராசு தேடும் சமூகம், முதலில் அந்தத் தராசைக் கீழே வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.